கிளை ஆபீஸ் சர்வருக்கு பேக்கப் சாஃப்ட்வேர்: விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!



ஹெட் ஆபீஸ் சென்னையில, கிளைகள் ஓசூர்லயும் தூத்துக்குடியிலயும்னு தொழில் நடத்துறீங்களா? கிளையோட பில்லிங், ஸ்டாக், கணக்கு எல்லாமே அங்க இருக்கிற ஒரு சின்ன சர்வர்லதான் ஓடும். ஐடி ஆளும் அங்க இருக்க மாட்டாங்க. அதுக்கு எந்த பேக்கப் சாஃப்ட்வேர் வாங்கலாம்?

பலரும் முதல்ல கேட்கிறது லைசென்ஸ் விலை. ஆனா பெரிய செலவு அது இல்லைங்க. சர்வர் படுத்துட்டா, டேட்டாவைத் திரும்பக் கொண்டுவர எத்தனை மணி நேரம் ஆகும்? அதுதான் உண்மையான செலவு.

ஒரு சின்ன கணக்கு

கிளை சர்வர்ல 500 ஜிபி டேட்டா, இன்டர்நெட் 50 எம்பிபிஎஸ்னு வைங்க. பேக்கப் கிளவுட்ல மட்டும் இருந்தா, முழுசா இறக்க சுமார் 22 மணி நேரம். அதுவும் லைன் ஒருதடவைகூட கட் ஆகாம இருந்தா! ஒரு நாள் வியாபாரம் ₹2 லட்சம்னா, எவ்வளவு போகும்னு நீங்களே போட்டுப் பாருங்க. அதே டேட்டா கிளையிலயே ஒரு நாஸ் பெட்டியிலயும் இருந்தா, ஜிகாபிட் கேபிள்ல ஏறக்குறைய 2 மணி நேரத்துல வேலை முடிஞ்சிடும்.

பெரிய கம்பெனிக்கும் இதே சிக்கல் வந்திருக்கு. 2017 ஜூன்ல நாட்பெட்யா வைரஸ் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கினப்போ, லாகின் அனுமதியைக் கையாளுற டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் மொத்தமா அழிஞ்சது. கானா நாட்டு ஆபீஸ்ல கரண்ட் போயிருந்ததால, அங்க இருந்த ஒண்ணு மட்டும் தப்பிச்சது. ஆனா அங்க இன்டர்நெட் ரொம்ப ஸ்லோ. கடைசியில டேட்டாவை ஹார்ட் டிஸ்க்ல, விமானத்துலதான் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனாங்க.

வாங்குறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. ஒரு காப்பி கிளையில, இன்னொரு காப்பி வெளியில – ரெண்டையும் தானாவே எடுக்குமா?
2. முதல் தடவைக்குப் பிறகு, மாறின டேட்டாவை மட்டும் அனுப்புமா? பகல்ல வேகத்தைக் குறைச்சு வைக்க முடியுமா? இல்லேன்னா பில்லிங் நேரத்துல நெட் திணறும்.
3. எல்லாக் கிளையையும் ஹெட் ஆபீஸ்ல ஒரே திரையில பார்க்கலாமா? பேக்கப் ஃபெயில் ஆனா மெயில் வருமா?
4. குறிப்பிட்ட நாள் வரைக்கும் யாராலயும் அழிக்க முடியாதபடி ஒரு காப்பியைப் பூட்டலாமா? ரான்சம்வேர் முதல்ல தேடுறதே பேக்கப்பைத்தான்.
5. கட்டணம் சர்வர் கணக்கா, டிபி கணக்கா? டேட்டாவைத் திரும்ப எடுக்க சில கிளவுட் நிறுவனங்கள் தனியா பணம் வாங்கும். ரெனிவல் விலையையும் இப்பவே எழுத்துல வாங்கிடுங்க.

இலவசம் போதுமா?

விண்டோஸ் சர்வர்லயே ஒரு பேக்கப் வசதி இருக்கு. வீம் நிறுவனத்தோட கம்யூனிட்டி எடிஷன், 10 வொர்க்லோட் வரைக்கும் இலவசம். ரெண்டு மூணு கிளைக்கு இதுல ஆரம்பிக்கலாம். மிச்சமாகுற பணத்துல முதல்ல நாஸ் வாங்குங்க.

சட்டமும் கேட்குது

நீங்க பிரைவேட் லிமிடெட்டா? மின்னணு கணக்குப் புத்தகங்களோட பேக்கப், இந்தியாவுல இருக்கிற சர்வர்ல தினமும் இருக்கணும். 2022 ஆகஸ்ட்ல வந்த திருத்தம் இது. அதனால கிளவுட் எடுக்கும்போது சர்வர் எந்த நாட்டுலன்னு கேளுங்க. ஜிஎஸ்டி விதி 57-ம், ஆவணங்கள் அழிஞ்சா நியாயமான காலத்துக்குள்ள மீட்கிற மாதிரி பேக்கப் வேணும்னு சொல்லுது.

கடைசியா ஒண்ணு

டிரையல் காலத்துலயே ஒரு ஞாயித்துக்கிழமை பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல முழு டேட்டாவையும் ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க. எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு எழுதி வைங்க. அந்த நேரத்தை உங்க வியாபாரம் தாங்கும்னா மட்டும் பணம் கட்டுங்க. அதுக்கப்புறமும் 3 மாசத்துக்கு ஒருதடவை இதே டெஸ்ட்டைச் செய்யுங்க.

உங்க கிளையோட ஜிபி அளவையும் நெட் வேகத்தையும் வச்சு இந்தக் கணக்கை எப்படிப் போடுறதுன்னு நம்ம சேனல் வீடியோவுல படிப்படியா பார்க்கலாம்.