கொள்முதலுக்குச் சென்னை போனால் மாலை டீ எங்கே குடிப்பது?

செஞ்சியிலிருந்து சென்னைக்குக் கொள்முதலுக்குப் போய் வருகிற வியாபாரிகள் நம்மில் பலர் இருக்கிறோம். கோடவுன் தெருவில் ஜவுளி, ஆண்டர்சன் தெருவில் காகிதம், காசிச்செட்டித் தெருவில் பேன்ஸி சாமான், தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி என்று எந்தச் சரக்கு எங்கே என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் மாலை நாலு மணிக்கு எங்கே உட்கார்ந்து ஒரு டீ குடிப்பது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இது அற்ப விஷயம் என்று நினைக்கலாகாது. அந்த நேரத்தில்தான் பில்களைச் சரிபார்க்கிறோம். மீதிப் பணத்தை எண்ணுகிறோம். லாரி ஆபீசில் போட்ட மூட்டைகளுக்கு ரசீது வாங்கினோமா என்று பார்க்கிறோம். மேற்கொண்டு ஒரு கடை ஏறுவதா, ஊர் திரும்புவதா என்று முடிவு செய்வதும் அப்போதுதான். காலையிலிருந்து அலைந்து களைத்த மனிதன் எடுக்கும் முடிவு சரியாக இருக்க வேண்டுமானால், பத்து நிமிஷம் நிம்மதியாக உட்கார ஓர் இடம் வேண்டும்.

நேரக் கணக்கு மாறிவிட்டது

ஒரு காலத்தில் வெளியூர் பஸ்கள் பாரிமுனையிலேயே நின்றன. கொள்முதலை முடித்து, டீயைக் குடித்து, அப்படியே பஸ் ஏறிவிடலாம். 1996இல் கொத்தவால் சாவடி காய்கறி மொத்த மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போயிற்று. 2002 நவம்பரில் பஸ் நிலையமும் அங்கே போயிற்று. 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டு, தென் மாவட்ட பஸ்கள் அங்கே மாறின.

இப்போது பாரிமுனைக்காரர் கடற்கரை ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து வண்டலூரில் இறங்கி, கிளாம்பாக்கம் போய், திண்டிவனம் வழியாக ஊர் வர வேண்டும். நாலரைக்குக் கிளம்பினால் வீடு சேர இரவு ஒன்பது, ஒன்பதரை ஆகும். ஆகவே முதல் விதி இது: டீக்கடை, கொள்முதல் செய்யும் தெருவுக்கும் ரயில் ஸ்டேஷனுக்கும் இடையில் இருக்க வேண்டும். ருசிக்காக எதிர்த்திசையில் ஆட்டோ பிடிப்பது வியாபாரிக்குக் கட்டுப்படியாகாது.

நான்கு வகை இடங்கள்

முதலாவது, நின்றுகொண்டே குடிக்கும் டீக்கடை. மலையாளிகள் நடத்தியதால் 'நாயர் கடை' என்ற பெயரே இவற்றுக்கு நிலைத்தது. பாய்லரில் வெந்நீர், துணிப்பையில் தூள், தனியாகக் காயும் பால். கேட்டவருக்குக் கேட்டபடி ஸ்ட்ராங், லைட், சர்க்கரை கம்மி என்று உடனுக்குடன் ஆற்றித் தருவார்கள். விலை குறைவு, நேரமும் மிச்சம். ஆனால் பணப்பையை வைத்துக்கொண்டு பில் சரிபார்க்க இது இடமல்ல. இங்கே குடிக்கலாம், எண்ணக்கூடாது.

இரண்டாவது, சௌகார்பேட்டை, தங்கசாலைப் பக்கத்து வடநாட்டுக் கடைகள். இங்கே தூளும் பாலும் இஞ்சி, ஏலக்காயோடு ஒன்றாகக் கொதிக்கும். கூடவே கச்சோரி, சமோசா. சரக்கு வாங்கும் தெருக்களுக்கு நடுவிலேயே இருப்பது பெரிய சௌகரியம். கூட்டமும் நெரிசலும்தான் குறை.

மூன்றாவது, இரானி முறை டீ தரும் ஓட்டல்கள். டிகாக்ஷனைச் சிறு தீயில் நெடுநேரம் வைத்து, சுண்டக் காய்ச்சிய பாலைச் சேர்ப்பது இதன் முறை. அண்ணா சாலையில் 1951இல் தொடங்கிய புகாரி ஓட்டல் டீக்கும் சமோசாவுக்கும் பேர் பெற்றது. மேஜை, நாற்காலி, மின்விசிறி உண்டு. கணக்குப் பார்க்க ஏற்ற இடம் இந்த வகைதான்.

நான்காவது, கன்னிமாரா போன்ற நட்சத்திர ஓட்டல்கள். பெரிய கம்பெனிக்காரரைச் சந்திக்க வேண்டியிருந்தால் நாமும் போகத்தான் வேண்டும். அங்கே 'ஹை டீ' என்று எழுதியிருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். பிற்பகல் டீ விருந்து இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டு வாக்கில் பெட்போர்டு சீமாட்டியால் பிரபுக்கள் வீட்டில் பரவிய வழக்கம். ஹை டீ என்பதோ அங்கே உழைப்பாளிகள் வேலை முடிந்து வந்து சாப்பிட்ட சாயங்காலச் சாப்பாடு! பெயரில் உயர்வு ஒன்றுமில்லை. பில்லை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். சாதாரண ஓட்டலில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைகள் உள்ள ஓட்டலில் 18 சதவீதம். 'சர்வீஸ் சார்ஜ்' என்பது வரி அல்ல. அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை, 2025 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றமும் உறுதி செய்தது.

தூளின் கணக்கு

டீ நம் நாட்டில் தானாகப் பரவியதல்ல. 1903இல் ஏற்றுமதித் தேயிலைக்கு வரி விதித்து, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்து பழக்கிவிட்டார்கள். 1930 வாக்கில் அசாமில் சி.டி.சி. எந்திரம் வந்தது. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இந்த முறையில், குறைந்த தூளில் அதிகச் சாயமும் திடமும் இறங்குகின்றன. ஏழைக்கும் டீ எட்டியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரு கிளாசுக்கு 2 முதல் 2.5 கிராம் தூள் என்று வைத்தால், கிலோவுக்கு 400 முதல் 500 கிளாஸ் வரும். கிலோவுக்கு 40 ரூபாய் கூட கொடுத்து நல்ல தூள் வாங்கினாலும் கிளாசுக்கு 8 முதல் 10 பைசாதான் கூடுகிறது. இந்தப் பத்துப் பைசாவை மிச்சம் பிடிக்கத்தான் சிலர் சாயத்தூளுக்குப் போகிறார்கள். காய்ந்த சக்கையை உலர்த்திச் சாயம் ஏற்றி விற்பது பழைய மோசடி.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழியை உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து நனைத்து, பிறகு குழாய் நீரில் தாளைக் கழுவி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கரும்பழுப்புக் கறை பிடித்தால் சரக்கு சரியில்லை. மளிகைக் கடை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு லாட்டிலும் இதைச் செய்துவிட்டு விற்பது நல்லது. 2011 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் உள்ள சட்டப்படி, கலப்படச் சரக்கை விற்ற கடைக்காரரும் பதில் சொல்லியாக வேண்டும்.

கடையில் குடிக்கும்போது வடிதாள் எடுத்துப் போக முடியாது. ஆனால் மூன்றைப் பார்க்கலாம். கிளாஸ் கழுவும் தண்ணீர் எப்படி இருக்கிறது? பால் நம் கண்முன் காய்கிறதா? துணிப்பையில் உள்ள சக்கையை அவ்வப்போது கொட்டுகிறார்களா, இல்லை அதன்மேலேயே தூளைப் போட்டுக்கொண்டே போகிறார்களா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் பெயர்ப்பலகை எப்படி இருந்தாலும் கவலையில்லை.

கிளாசும் உடம்பும்

கண்ணாடி கிளாஸ், எவர்சில்வர் டம்ளர் உள்ள கடையே மேல். காகிதக் கப்பின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. சூடான நீர் 15 நிமிஷம் அதில் இருந்தால் 100 மில்லியில் சுமார் 25,000 நுண்துகள்கள் கலப்பதாகக் காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் கண்டார்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் பிளாஸ்டிக் டீ கப்பும் உண்டு. கொதிக்கும் டீயைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிக் கடைப் பையன்களுக்குக் கொடுப்பதை நாம் அறவே விட வேண்டும். ஒரு பிளாஸ்க் வாங்கினால் போதும்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காப்பி வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்கிறது. உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதை டீ தடுக்கிறது. ஆகவே ஒரு மணிக்குச் சாப்பிட்டவருக்கு மூன்றரை, நாலு மணி பொருத்தமான நேரம். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் நம்மில் குறைவல்ல. 'சர்க்கரை வேண்டாம்' என்று முதலிலேயே சொல்லிவிடுவது புத்திசாலித்தனம்.

மண்டியில் தரும் டீ

மொத்த வியாபாரி தன் கடையிலேயே டீ வரவழைத்துத் தருவது மரியாதை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சரக்கைப் பார்த்து, விலையைப் பேசி, எடையைச் சரிபார்த்த பிறகு குடிப்பது உத்தமம். டீயைக் கையில் வாங்கிவிட்டால் பேரம் பேச நாக்கு கூசும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது கொடுப்பவருக்கு மட்டுமல்ல, வாங்குபவருக்கும்தான்.

நம் ஊருக்கும் இது பொருந்தும்

2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் காலப் படைத்தளங்களின் வரிசையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ராஜகிரி ஏறி இறங்கிய வெளியூர்க்காரர் சாயங்காலம் களைத்துப்போய் நம் கடைத்தெருவுக்குத்தான் வருவார். சென்னையில் நாம் எதைத் தேடுகிறோமோ, அதையே அவரும் இங்கே தேடுவார். உட்கார ஒரு பெஞ்சு, சுத்தமான கிளாஸ், சாயம் கலக்காத தூள், யாராயிருந்தாலும் ஒரே கிளாசில் ஒரே விலைக்குத் தரும் கை.

நம் டீக்கடைக்காரர்களுக்குத் தூளும் சர்க்கரையும் கொடுப்பவர்கள் நாம்தான். நல்ல தூளை நியாய விலைக்கு அவர்களுக்குக் கொடுப்பது முதல் கடமை. கடைக்கு ஒரு பெஞ்சும், கிளாஸ் கழுவ நல்ல குழாயும் அமைய சங்கம் முன்நின்று உதவினால் செலவு பெரிதாகாது. கோட்டையைப் பார்க்க வந்தவர் நம் டீயை நினைவில் வைத்துத் திரும்பி வந்தால், அந்த லாபம் டீக்கடைக்கு மட்டுமல்ல, கடைத்தெரு முழுவதற்கும்தான்.