ஒரு குவளைக் காப்பியின் கணக்கு

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது வில்லியனூர். கடலூர்ச் சாலைக்கு மேற்கே, ஏரியும் நெல்வயல்களும் சூழ இருப்பது பாகூர். இரண்டும் கொம்யூன் பஞ்சாயத்துகளின் தலைமையிடங்கள். பிரெஞ்சியர் ஆட்சி நீங்கிய பின்னும் இப்பகுதியில் நிலைத்துவிட்ட நிர்வாகச் சொல் கொம்யூன். இவ்வூர்களில் விடியலுக்கு முன்பே விழித்தெழுவன மாட்டுத் தொழுவங்களும் காப்பி, தேநீர்க் கடைகளும்தாம். முதல் பேருந்துக்குக் காத்திருப்போர், நடவுக்குச் செல்வோர், இரவுப் பணி முடித்துத் திரும்பும் ஆலைத் தொழிலாளர் என எல்லாரும் ஒரு குவளைச் சூட்டுக்காக அங்கே நிற்கின்றனர். அக்கூட்டத்தைக் காண்போருக்கு, இதைப் போல எளிதாகப் பொருளீட்டும் தொழில் வேறில்லை என்று தோன்றும். அத்தோற்றத்தை மட்டும் நம்பிக் கடை திறந்து, ஓராண்டு நிறைவதற்குள் கதவடைத்தோர் பலர். அவர்களுள் பலருடைய காப்பி சுவையாகவே இருந்திருக்கும். கடை திறக்குமுன் போட்டிருக்க வேண்டிய சில கணக்குகளை அவர்கள் போடாமல் விட்டிருப்பர்.

வேலையிழந்தோர் தொடங்கிய விடுதி

புதுச்சேரி நகரத்து நேரு வீதியில் இந்தியன் காபி ஹவுஸ் என்னும் விடுதி உண்டு. கனடா நாட்டு எழுத்தாளர் யான் மார்டெல் 2001இல் வெளியிட்ட ‘லைஃப் ஆஃப் பை’ நாவலின் ஆசிரியர் குறிப்பில் இவ்விடுதி இடம்பெற்றதால், அந்நூலைப் படித்த அயல்நாட்டார் பலரும் அதனை அறிவர். ஆயினும் அப்பெயருக்குப் பின்னுள்ள வரலாறு, கதையினும் கருதத்தக்கது.

1930களில் உலகப் பொருளாதார வீழ்ச்சியால் காப்பிக்கொட்டையின் விலை சரிந்தது. தோட்டங்களில் விளைந்ததை வாங்குவாரில்லை. உள்நாட்டு மக்களிடையே காப்பி அருந்தும் வழக்கத்தைப் பரப்ப 1935இல் காப்பித் தீர்வைக் குழு அமைக்கப்பட்டது. அக்குழு பம்பாயில் 1936இல் தொடங்கிய விடுதியே இந்தியா காபி ஹவுஸ் வரிசையில் முதலாவது. 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவான காப்பி வாரியம் அவ்விடுதிகளைப் பெருநகரங்களில் நடத்திவந்தது. 1950களின் நடுவில் வாரியம் தன் கொள்கையை மாற்றி, அவற்றை மூட முடிவு செய்தது. பரிமாறுநரும் சமையலரும் வேலையிழந்தனர். அந்நிலையில் பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலனின் வழிகாட்டலில், ஊழியர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து விடுதிகளை நடத்த முன்வந்தனர். முதற்சங்கம் 1957 ஆகஸ்டு 19இல் பெங்களூரில் உருவானது. அவ்வாண்டு அக்டோபர் 27இல் தில்லியில் சங்கத்தின் முதல் விடுதி திறக்கப்பட்டது. நேரு வீதி விடுதி இம்மரபின் வழிவந்தது.

அவர்களிடம் பெருமுதல் இல்லை. இருந்தது தொழிலறிவு. எத்தனை பேர் எந்த நேரத்தில் வருவர், ஒரு படிப் பாலில் எத்தனைக் குவளை ஆற்றலாம், எங்கே பொருள் வீணாகும் என்பவற்றை நாள்தோறும் கண்டவர்கள் அவர்கள். புதிதாகக் கடை தொடங்குவோருக்கு இவ்வறிவு முன்கூட்டியே வாய்ப்பதில்லை. தேடிப் பெற வேண்டும். வேறொரு கடையில் சில மாதம் ஊழியம் செய்வது அதற்குரிய மலிவான பள்ளி.

எண்ணிப் பார்த்தல்

இடத்தைத் தேர்ந்தெடுப்பது முதற்பணி. வாடகை குறைவு என்பதற்காகவோ, உறவினர் இடம் என்பதற்காகவோ தேர்ந்தெடுக்கப்படும் கடைகள் பல. சரியான வழி எளியது, சற்றுச் சலிப்பூட்டுவது. ஒரு குறிப்பேட்டுடன் அவ்விடத்தில் ஒரு வாரம் அமர வேண்டும். காலை 5 மணி முதல் 9 மணி வரையும், மாலை 3 மணி முதல் 7 மணி வரையும் அவ்வழியே நடந்து செல்வோர் எத்தனை பேர், அருகிலுள்ள கடைகளில் நின்று அருந்துவோர் எத்தனை பேர் என எண்ண வேண்டும். ஊர்தியில் விரைந்து கடப்போரை எண்ணிக் கூட்டுவதில் பயனில்லை.

ஊருக்கு ஊர் இவ்வெண்ணிக்கையின் இயல்பு வேறுபடும். வில்லியனூரில் தொடர்வண்டி நிலையமும் பேருந்துச் சந்திப்பும் இருப்பதால் பயணிகளின் வரவு ஆண்டு முழுவதும் ஓரளவு சீரானது. அங்குள்ள திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்து ஆளுநரே வடம் பிடிப்பது வழக்கம். இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். அன்று திரளும் கூட்டத்துக்கு எவ்வளவு காப்பியும் போதாது. ஆனால் தேர் நிலைக்கு வந்த மறுநாள் வீதி பழைய வீதியாகிவிடும். திருவிழா விற்பனையைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு வருவாயாகக் காட்டும் திட்ட அறிக்கைகளை வங்கி மேலாளர்கள் நன்கறிவர்.

பாகூரின் நாடித்துடிப்பு வேறு. நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகியவற்றை ஒட்டியே அங்கே கையிற்காசு புழங்கும். நடவுக் காலத்தில் விடியலில் கூட்டம் மிகும். வயலில் வேலையற்ற வாரங்களில் மெலியும். அதே கொம்யூனைச் சேர்ந்த கிருமாம்பாக்கமும் கன்னியக்கோயிலும் கடலூர் நெடுஞ்சாலையில் இருப்பதால், அங்கே மாணவரும் ஆலைத் தொழிலாளரும் வழிப்போக்கரும் வருவர். ஒரே கொம்யூனுக்குள் நான்கைந்து கல் தொலைவில் தொழிலின் தன்மையே மாறிவிடுகிறது.

பதினைந்து ரூபாய்க்குள்

ஒரு குவளைக் காப்பி 15 ரூபாய்க்கு விற்கப்படுவதாகக் கொள்வோம். பின்வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. விலைவாசிக்கேற்ப இவை மாறும், கணக்கின் முறை மாறாது. பால் 90 மில்லிலிட்டர், லிட்டர் 50 ரூபாய் வீதம் 4.50 ரூபாய். காப்பித்தூள் 8 கிராம், கிலோ 500 ரூபாய் வீதம் 4 ரூபாய். சர்க்கரை 10 கிராம் 45 காசு. எரிவாயுவும் தண்ணீரும் 80 காசு. சிந்துவதும் வீணாவதும் 25 காசு. ஆக 10 ரூபாய். குவளைதோறும் கூடும் இச்செலவை மாறும் செலவு என்பர். விற்பனை விலையில் இது போக எஞ்சுவது 5 ரூபாய்.

கடையில் ஒருவரும் காப்பி அருந்தாவிடினும் நிற்காத செலவுகளும் உண்டு. மாத வாடகை 5,000, உதவியாளர் ஊதியம் 10,000, மின்கட்டணம் 1,500, கடன் தவணை 3,000, பழுதும் பிறவும் 500 என்றால் மொத்தம் 20,000 ரூபாய். இது நிலைச் செலவு. 20,000 ரூபாயை 5 ரூபாயால் வகுத்தால் 4,000 குவளை. மாதத்தில் 26 நாள் கடை திறந்திருக்குமாயின், நாளொன்றுக்கு 154 குவளை விற்றால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

பெரும்பாலோர் இவ்விடத்தில் கணக்கை முடித்துவிடுகின்றனர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பாய்லரைப் பற்றவைத்து, இரவு வரை நின்றுகொண்டிருக்கும் உரிமையாளரின் உழைப்பு அதில் சேரவில்லை. அவர் வேறெங்கேனும் வேலைக்குச் சென்றால் மாதம் 15,000 ரூபாய் பெறக்கூடும் எனின், அத்தொகையையும் நிலைச் செலவில் சேர்த்தாக வேண்டும். இப்போது 35,000 ரூபாய், 7,000 குவளை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 270. மனைவியோ, தாயோ, பள்ளி முடிந்து வரும் மகனோ கடையில் உழைப்பின், அவர்தம் கூலியும் இதில் சேரும். வீட்டார் உழைப்பைக் கூலியின்றி எடுத்துக்கொண்டு ‘கடை ஓடுகிறது’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உள்ளது. உண்மையில் அங்கே கடை வீட்டாரை நடத்துவதில்லை. வீட்டார் கடையைச் சுமக்கின்றனர்.

இக்கணக்கு கைவந்தபின் பல முடிவுகள் தெளிவாகும். விலையை ஒரு ரூபாய் உயர்த்தினால் எஞ்சுவது 6 ரூபாய்; நாளொன்றுக்கு 225 குவளை போதும். ஆனால் பதினாறு ரூபாய்க்குச் சில்லறை தேடும் தொல்லையில் சிலர் அடுத்த கடைக்குப் போகக்கூடும். ஒரு லிட்டர் பால் திரிந்துபோனால், அந்த 50 ரூபாயை ஈடுகட்டப் பத்துக் குவளையின் எச்சம் செல்லும். கடனாகக் கொடுத்த ஒரு குவளைக்குப் பணம் வராவிடின், செலவான 10 ரூபாயை மீட்க இரண்டு குவளை விற்க வேண்டும். வாரக்கூலி பெறும் ஊரில் கடனே இல்லை என்று பலகை மாட்டுவது இயலாது; ஆளுக்கு இவ்வளவு, இத்தனை நாளுக்குள் என்ற வரம்பை முதல் நாளே சொல்லிவிடலாம். வடை, பன், பிசுக்கோத்து போன்றவை விற்கப்படுவது சுவைக்காக மட்டுமன்று. வரும் ஆளின் எண்ணிக்கை கூடாமலே எஞ்சும் தொகையைக் கூட்டுவதற்காகவும் ஆகும்.

கையிலுள்ள முதல் முழுவதையும் பெயர்ப்பலகை, வண்ண விளக்கு, நாற்காலி ஆகியவற்றில் செலவிட்டுவிட்டு, இரண்டாம் மாதப் பாலுக்குக் கடன் வாங்குவது பரவலான பிழை. மூன்று மாத நிலைச் செலவுக்குரிய தொகையைத் தொடாமல் வைத்திருத்தல் வேண்டும். பாகூரில் கிடைத்த பல்லவர் காலச் செப்பேடு இங்கே நினைவுக்கு வருகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில், அவ்வூரிலிருந்த வித்தியாஸ்தானம் என்னும் கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதை அது கூறுகிறது. கட்டடத்தோடு நில்லாமல், ஆண்டுதோறும் நடத்துவதற்கான வருவாய்க்கும் அன்றே வழிசெய்திருக்கின்றனர்.

தூளும் பாலும்

காப்பிக்கொட்டையில் அராபிக்கா, ரொபஸ்டா என இரு வகை பெருவழக்கு. முன்னது மணம் மிக்கது. பின்னது கசப்பும் அடர்த்தியும் மிக்கது. சிக்கரி என்பது காப்பியன்று. ஒரு செடியின் வேரை உலர்த்தி வறுத்துப் பொடித்தது. நெப்போலியன் காலத்துக் கடல் வணிகத் தடையால் காப்பிக்கொட்டை கிடைக்காதபோது பிரான்சில் இதன் பயன்பாடு பெருகியது. நிறத்தையும் கெட்டியையும் தருவதோடு விலையையும் குறைப்பதால் நம் நாட்டுக் கலவைகளில் நிலைபெற்றுவிட்டது. கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பதும், சிக்கரியின் அளவை உறைமேல் அச்சிட வேண்டும் என்பதும் இந்திய உணவு விதி. தூள் வாங்குவோர் அவ்வுறையைப் படித்து வாங்குதல் நலம்.

அரைத்த தூளின் மணம் நாள்தோறும் குறையும். ஆகவே ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்கி மிச்சப்படுத்துவதைவிட, வாரந்தோறும் வாங்குவது மேல். பித்தளை வடிகட்டியில் முதலில் இறங்கும் கெட்டியான டிகாக்‌ஷனே காப்பிக்கு உயிர். தூளின் மேல் இரண்டாம் முறையும் வெந்நீர் ஊற்றி வடிப்பது சிக்கனம்போலத் தோன்றும். அன்று காலை வந்தவர் மாலையில் வராமற்போவதற்கு அதுவே காரணமாகலாம். பாலைப் பொறுத்தவரை, புதுச்சேரிக் கூட்டுறவுப் பால் ஒன்றியமாகிய பாண்லேயின் பால் நிலையான தரத்தில் கிடைக்கும். ஊர்ப்பால் கெட்டியாக இருப்பினும் மழைக்காலத்தில் அளவும் தரமும் மாறும். இரண்டுக்கும் வழிவைத்திருப்போர் அடைமழை நாளிலும் கடை திறக்கின்றனர்.

பதிவும் கடனும்

கடை திறக்கக் கொம்யூன் பஞ்சாயத்தின் வணிக உரிமமும், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின்படிச் சிறு உணவு வணிகருக்குரிய பதிவும் தேவை. முதல் போதாதோருக்கு 2015இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டம் பிணையமின்றிக் கடன் தர வகைசெய்கிறது. அதில் சிசு என்னும் பிரிவு 50,000 ரூபாய் வரையிலும், கிஷோர் என்னும் பிரிவு ஐந்து இலட்சம் வரையிலும் உரியவை. கடனுக்கு எழுதும் திட்ட அறிக்கையில் மேலே கண்ட குவளைக் கணக்கே நடுநாயகம். அதை இடைத்தரகரிடம் எழுதி வாங்குவோர், தவணை கட்டும் நாளில்தான் அதன் பொருளை அறிகின்றனர்.

ஒரே குவளை

காப்பிக் கடை தமிழகத்தில் பரவியபோது சாதியும் உடன் வந்தது. சாதிக்கொரு தனியிடம் ஒதுக்கிய விடுதிகள் நகரங்களில் இருந்தன. ஊர்ப்புறங்களில் இரட்டைக் குவளை முறை இருந்தது. காபி ஹவுஸ் ஊழியர்கள் சங்கம் அமைத்த அதே 1957இல், உணவகப் பெயர்ப்பலகைகளில் இருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் சென்னையில் போராட்டம் நடத்தினார். கடைகள், பொது உணவகங்கள் ஆகியவற்றில் சாதியின் பெயரால் எவரையும் தடுத்தல் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கூறுகிறது. எனவே புதிய கடையில் குவளைகள் ஒரே வகையினவாக, ஒரே தொட்டியில் கழுவப்படுவனவாக, விசுப்பலகை எவரும் அமரத்தக்கதாக இருத்தல் கடைக்காரரின் பெருந்தன்மையைச் சார்ந்த செய்தியன்று; சட்டக் கடமை. நாளொன்றுக்கு 270 குவளை விற்க வேண்டிய கடைக்கு ஊரின் எல்லாத் தெருவினரும் வர வேண்டும் என்பதும் எளிய கணக்கே.

கடை திறந்த நாள்முதல் இரவில் விளக்கணைக்குமுன் ஏட்டில் நான்கு எண்கள் எழுதப்பட வேண்டும்: வாங்கிய பால், விற்ற குவளை, வராத கடன், கொட்டிய பால். முதல் மாத முடிவில் அவ்வேட்டில் நாள் விற்பனை 100ஐத் தாண்டவில்லை எனின் அஞ்ச வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கென ஒதுக்கிய தொகை இன்னும் இருக்கிறது. மூன்றாம் மாதத்திலும் அது 100ஆகவே நிற்குமாயின், இடத்தையோ, விலையையோ, பண்டங்களையோ மாற்றுவதற்கு உரிய காலம் அதுவே.