மேகமில்லாத இரவும் பனிப்பாலமும்

2023 ஆகஸ்ட் 20 இரவு, சுவிட்சர்லாந்தின் பயெர்ன் நிலையத்திலிருந்து ஏறிய வானிலை பலூன், காற்றின் பூஜ்ஜியம் டிகிரி மட்டத்தை 5,298 மீட்டர் உயரத்தில் பதிவு செய்தது. ஆல்ப்ஸின் உச்சியான மோன் பிளாங்கே ஏறத்தாழ 4,806 மீட்டர்தான். உடனே, ஆல்ப்ஸில் உறைபனிக்கே இடமில்லை என்ற தொனியில் செய்திகள் பரவின. சாதனை உண்மை, கவலைக்குரியதும்கூட. ஆனால் பலூன் அளப்பது காற்றின் வெப்பநிலையை. மலையேறுபவர் மிதிப்பது பனியின் மேற்பரப்பை. இரண்டும் ஒன்றல்ல.

கோடையில் பனியாற்றின் மேல் நடப்பவருக்குப் பெரிய ஆபத்து, பிளவுகளை மூடிக் கிடக்கும் பனிப்பாலங்கள். பொரி உருண்டை பிடித்தவர்களுக்கு அவற்றின் இயல்பு எளிதில் பிடிபடும். பாகு சூடாக இருக்கும்வரை பொரிகள் வழுக்கும், உருண்டை சரியும். ஆறினால் பல்லைப் பதம் பார்க்கும். பனிமணிகளுக்கிடையே பகலில் உருகி நிற்கும் நீர்தான் அந்தப் பாகு. பெரிய உருண்டையில் மேல் ஓடு இறுகி உள்ளே பிசுபிசுப்பது போல, பாலத்திலும் மேலோடு மட்டும் உறைந்து அடியில் ஈரம் தங்கும். சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் உருண்டை நமுத்துப்போகும். மேகம் மூடிய இரவில் பனிக்கும் அதே கதி.

ஏன்? உருகும் பனியின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறத்தாழ 310 வாட் அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளியே விடுகிறது. தெளிந்த, உலர்ந்த வானம் அதைவிட மிகக் குறைவாகவே திருப்பித் தருகிறது. நிகர இழப்பை 60 வாட் என்று கொள்வோம். ஒரு கிலோ நீர் உறைய 334 கிலோஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். கணக்குப் போட்டால், எட்டு மணி நேரத்தில் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ நீர் உறையும். ஈரப்பனியில் அது சுமார் பத்து சென்டிமீட்டர் தடிமனுள்ள ஓடு. காற்று பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் இது நடக்கும்! ஊட்டியில் வெப்பமானி இரண்டு டிகிரி காட்டும் விடியலில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதும் இதே கதிரிழப்பால்தான். மேகம் வந்தால் அதன் கதிர்கள் கீழே திரும்ப, இழப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

வரலாறு சுருக்கமாகப் போதும். 1786-இல் மோன் பிளாங்கில் முதலில் ஏறியவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. வங்காளத்தில் வைக்கோல் மேல் ஆழமற்ற மண்சட்டிகளை வைத்துப் பனிக்கட்டி எடுத்த முறைக்கு, வில்லியம் சார்லஸ் வெல்ஸ் பனித்துளி பற்றிய 1814-ஆம் ஆண்டு நூலில் இதே விளக்கத்தைத் தந்தார்.

ஆனால் தெளிந்த வானம் எல்லாவற்றையும் காப்பாற்றாது. மோன் பிளாங்கின் கூட்டே பாதையில் ஒரு கற்சரிவைக் குறுக்காகக் கடக்க வேண்டும். அங்கே பாறை விரிசல்களை ஒட்டி வைத்திருக்கும் பனிக்கட்டி, வாரக்கணக்கில் உள்ளே இறங்கும் வெப்பத்தால் தளர்கிறது. அதை ஒரு குளிர்ந்த இரவு சரிசெய்யாது. 2022 கோடையில் கற்கள் ஓயாமல் உருண்டதால், ஆகஸ்ட் தொடக்கத்தில் தெத் ரூஸ், கூட்டே தங்குமனைகளையே மூடினார்கள்.

பனியாற்றுக்குப் போகும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இது. பூஜ்ஜிய மட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். இரவில் மேகம் உண்டா என்று கேளுங்கள். கயிற்றில் இணையாமல் பிளவுகள் மூடிய பனியில் கால் வைக்காதீர்கள். நள்ளிரவு தாண்டியதும் கிளம்பி, வெயில் ஏறுமுன் பாலங்களைக் கடந்து திரும்பிவிடுங்கள். அதிகாலை மூன்று மணிக்கே காலணி பனியின் மேலோட்டை உடைத்து அமிழ்ந்தால், அன்று ஏற வேண்டாம்.