ஒட்டுவதா, மாற்றுவதா?

சைக்கிள் பஞ்சர் என்று போனால், “டியூபையே மாத்திடுங்க சார், ஒட்டினா நிக்காது” என்று சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. ஒரு கருவேல முள் போட்ட ஊசித் துளைக்காக முழு டியூபையும் தூக்கி எறியச் சொல்லும் இந்த யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. முறையாகப் போட்ட ஒட்டு, டியூபின் ஆயுள் முழுக்க நிற்கும். பிய்ந்துபோவது பெரும்பாலும் அவசரத்தில் ஒட்டியதுதான்.

இன்றைய சைக்கிள் டியூப்களில் பெரும்பாலானவை பியூட்டைல் ரப்பர். அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தில் வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் இருவரும் 1937இல் உருவாக்கியது. இதன் மூலக்கூறுச் சங்கிலிகளில் மீத்தைல் தொகுதிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அதனால் இயற்கை ரப்பரில் கசியும் காற்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இதில் கசியும். காற்றைக் காப்பதில் கெட்டி. ஆனால் ஒட்டுப்போடுவதில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ரப்பர் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பதற்கு வல்கனைசிங் என்று பெயர். அதைச் செய்யும் கந்தகம் பற்றிக்கொள்ளத் தேவையான இரட்டைப் பிணைப்புகள் பியூட்டைல் சங்கிலிகளில் மிகக் குறைவு.

அதனால்தான் முன்வேலை முக்கியம். உப்புத்தாளால் தேய்ப்பது சடங்கல்ல. டியூபின் மேலுள்ள பவுடரும், அச்சிலிருந்து வந்த வழவழப்பும், காற்றுபட்டுக் கெட்ட மேல்தோலும் போய்ப் புது ரப்பர் வெளியே வரவேண்டும். பிறகு சொல்யூஷனை ஒட்டுத் துண்டைவிட அகலமாக, மெல்லிசாகத் தடவவேண்டும். தடவியதும் ஒட்டிவிடக் கூடாது. அதிலுள்ள கரைப்பான் ஆவியாகி, ஈரப் பளபளப்பு மறைய ஐந்து நிமிடமாவது ஆகும். ஈரத்தோடு அழுத்தினால் கரைப்பான் உள்ளே சிக்கி ஒட்டு தளர்ந்துவிடும்.

தரமான ஒட்டுத் துண்டின் அடியில், முழுதாக வல்கனைஸ் ஆகாத மெல்லிய ரப்பர் அடுக்கு ஒன்று இருக்கும். காய்ந்த சொல்யூஷனோடு அது சேரும்போது, சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் உருவாகத் தொடங்குகின்றன. 1839இல் சார்லஸ் குட்இயர் சூடேற்றிக் கண்ட அதே வல்கனைசிங், இங்கே அடுப்பில்லாமல் மெதுவாக நடக்கிறது. பழைய டியூபில் வெட்டிய துண்டுக்கு இந்த அடுக்கு கிடையாது. அது வெறும் பசைப் பிடிப்பில்தான் நிற்கவேண்டும்.

காற்றும் நமக்கு உதவுகிறது. 50 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், இரண்டரை சென்டிமீட்டர் சதுர ஒட்டை டியூப் சுமார் 22 கிலோ விசையோடு டயரின்மேல் அழுத்திப் பிடிக்கும்.

டியூபைக் கழற்றுமுன், வால்வுக்குள் இருக்கும் சிறு ரப்பர் குழலான வால்டியூபைப் பாருங்கள். பஞ்சரே இல்லாமல் காற்று இறங்குவதற்கு அதுவும் காரணமாகலாம். ஒட்டி முடித்ததும் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பார்க்கவேண்டும். முள் அங்கேயே இருந்தால் புது டியூபும் தப்பாது. நம் ஊர் நெருஞ்சி அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் பரவி, அங்கே சைக்கிள் ஓட்டுபவர்களையும் இப்படித்தான் படுத்துகிறது.

மாற்றவேண்டிய நேரமும் உண்டு. வால்வின் அடியில் கிழிந்தால் ஒட்டு நிற்காது. நீளமாக வெடித்ததும், பழசாகி மேலெல்லாம் வெடிப்பு விட்டதும் அப்படியே. இவற்றில் ஒட்டுவது வீண் வேலை.

மற்றபடி, சிறு துளைக்கு ஒட்டே போதும். அடுத்தமுறை கடைக்குப் போனால், “காயட்டும் அண்ணே, அஞ்சு நிமிஷம் நிக்கிறேன்” என்று சொல்லுங்கள்.