கீரை தந்த பெயர்

சென்ற மாதம் நெசவாளர் சங்கம் ஒன்றின் தறிகளைச் சரிபார்க்கச் சென்றிருந்தோம். அங்கத்தினர் ஒருவரின் வீட்டில், தறிக்குச் சம்பந்தமில்லாத வழக்கொன்று நம் முன் வந்தது. மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. கிராம நர்ஸ் கொடுத்துச் சென்ற சிவப்பு மாத்திரைகள் மாடப்பிறையில் பிரிக்கப்படாமலே கிடந்தன. காரணம் வினவியபோது மாமியார் கூறினார்: "இரும்புச் சத்து என்றால் சரிதான், ஐயா. கூடவே 'போலி' என்றல்லவா பையன் படித்துச் சொன்னான்! போலிச் சரக்கைப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கலாமா?"

நகைத்துவிட்டுப் போகத்தக்க கேள்வியன்று இது. 'போலிக் அமிலம்' என்ற எழுத்துக்களைக் கண்டால் தமிழறிந்த எவருக்கும் அவ்வையம் எழும். ஆனால் அச்சொல்லின் வேர் வேறு. இலத்தீன் மொழியில் 'போலியம்' என்றால் இலை. அப்பெயர் பிறந்த வரலாறு நம் அங்கத்தினர்களுக்குச் சற்று நெருக்கமானது. ஏனெனில், அது தொடங்கியது பம்பாயின் நெசவாலைத் தொழிலாளப் பெண்களிடத்தில்.

அப்பெண்களுள் கர்ப்பமுற்றோர் பலரைக் கடுமையான இரத்தசோகை பீடித்தது. இரத்தத்தின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்துக் காணப்பட்டன. உயிரிழந்தோரும் உண்டு. இதனை ஆராய 1928-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்தவர் லூசி வில்ஸ் என்னும் அம்மையார். முதலில் ஏதேனும் கிருமியே காரணமாகலாம் என ஐயுற்றுத் தேடினார், அகப்படவில்லை. பின்னர் அப்பெண்கள் உண்ணும் உணவை நோக்கினார். காய்கனிகள் அதில் மிகக் குறைவு. அதே வகை உணவைக் குரங்குகளுக்கு அளித்தபோது அவற்றுக்கும் சோகை கண்டது. மதுவடிப்பில் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் 'மார்மைட்' என்னும் மலிவான சாற்றைக் கொடுத்துப் பார்த்தார், குணம் தெரிந்தது. பெண்களும் அதனால் நலமுற்றனர். 1931-இல் இம்முடிவு வெளியாயிற்று. இவ்வாராய்ச்சியின் ஒரு பகுதி நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் நடந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

சாற்றினுள் இருந்த சத்து யாதென அப்பொழுது எவரும் அறியார். ஆகவே 'வில்ஸ் காரணி' என்றனர். நிற்க, அக்காலத்தில் சத்துக்களுக்குப் பெயரிடுவதே ஒரு குழப்பமான காரியமாயிருந்தது. 1912-இல் காஸிமிர் பங்க் என்பவர், உயிரைக் குறிக்கும் 'வீட்டா' என்ற சொல்லோடு 'அமைன்' என்னும் இரசாயனப் பெயரை இணைத்து 'வைட்டமைன்' என்றார். எல்லாச் சத்தும் அமைன் அல்ல என்று பின்னர் தெரியவே, 1920-இல் ஆங்கில எழுத்தில் கடைசி 'ஈ' நீங்கி 'வைட்டமின்' ஆயிற்று. (உயிர்ச்சத்து என்று நம்மவர் சொல்வது பிழையான பாதியை விட்டுச் சரியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது போலும்!) வில்ஸ் காரணியைக் குரங்குகளிடம் ஆராய்ந்தோர் ஆங்கிலத்தில் குரங்கின் முதலெழுத்தை வைத்து 'வைட்டமின் எம்' என்றனர். கோழிக்குஞ்சுகளிடம் ஆராய்ந்தோர் குஞ்சின் எழுத்தைச் சேர்த்து 'பிசி' என்றனர். ஒரே பொருள், ஊருக்கொரு பெயர்!

1941-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று விஞ்ஞானிகள் 4 டன் பசலைக்கீரையைக் காய்ச்சி வடித்து அச்சத்தில் சிறிதளவு பெற்றனர். கீரையிலிருந்து வந்ததால் இலையின் பெயரை இட்டனர். அதுவே நிலைத்தது. வில்ஸின் பெயர் மெல்ல மறைந்தது. இரத்தம் கொடுத்த ஆலைப் பெண்களின் பெயரோ முதலிலிருந்தே எவர் வாயிலும் இல்லை.

டன் கணக்கில் கீரை காய்ச்சி உலகுக்கு மருந்தளிக்க இயலுமா? அச்சத்தைச் செயற்கையாக உண்டாக்கும் வழியை 1945-இல் லெடர்லி ஆய்வகத்தார் கண்டனர். அக்குழுவினரை நடத்தியவர் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ். மாணவப் பருவத்தில் அறுவை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து சென்றதால் ஆசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டமின்றி அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறியவர் அவர். கைத்தறித் துணிக்காக ஒருவர் கொடுத்த விலை இது. நெய்வோர் அறிந்திருக்க வேண்டிய செய்தியென்றே இங்கு எழுதினோம்.

இச்சத்தின் மற்றொரு பயன் பின்னரே உறுதிப்பட்டது. கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல், கரு தரித்த முதல் 4 வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. தாய்க்கு முன்கூட்டியே போலிக் அமிலம் கொடுத்தால் அக்குழலின் குறைபாடுகள் பெருமளவு தடுக்கப்படும் என்பதை 1991-இல் பிரிட்டனில் வெளியான பரிசோதனை காட்டிற்று. ஆகவே கர்ப்பத்தை எதிர்நோக்கும் பெண்கள் அதற்கு முன்பே டாக்டரைக் கலந்துகொள்வது உசிதம்.

அந்த வீட்டில் இவ்வளவும் கூறவில்லை, தறிகள் காத்திருந்தன. ஒவ்வொரு மாத்திரையிலும் 60 மில்லிகிராம் இரும்பும், கீரையின் பெயர்கொண்ட சத்து 500 மைக்ரோகிராமும் உள்ளன என்று மட்டும் சொன்னோம். "அப்படியானால் கீரையே போதாதோ?" என்றார் அம்மூதாட்டி. கீரை வேண்டியதே, ஆயினும் இச்சத்து நீரில் கரைவது, நீடித்த கொதிப்பில் அழிவது. வேகவைத்த நீரைக் கொட்டினால் அதுவும் உடன் போகும். கர்ப்ப காலத்துத் தேவையோ மிகுதி. ஆதலால் கீரையோடு மாத்திரையும் வேண்டும் என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மாடப்பிறையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மருமகளிடம் நீட்டியவாறே, "கீரைச் சத்து என்றே எழுதித் தொலைத்தால் என்ன, ஐயா?" என்றார்.