பாலத்தின் பைலுக்கு அடியில் பொந்து இருந்தால்?

நாமகிரிப்பேட்டைச் சமவெளியில் பாலம் கட்டுகிறவருக்குப் பாறைதான் தைரியம். பைலின், அதாவது நிலத்துக்குள் இறக்கும் அடித்தளத் தூணின், அடிமுனை கருங்கல்லில் ஊன்றிவிட்டால் கவலை விட்டது என்பார்கள். பக்கத்துச் சேலத்தில் சுரங்கம் உண்டென்றாலும், அங்கே வெள்ளைக்கல்லை (மேக்னசைட்) திறந்த குழியாகத்தான் வெட்டுகிறார்கள். பள்ளம் கண்ணுக்குத் தெரிவதால் பாலத்தை விலக்கிப் போட்டுவிடலாம். 1774-லேயே நிலக்கரி தோண்டத் தொடங்கிய மேற்கு வங்கத்து ராணிகஞ்சில் நிலைமை வேறு. அங்கே பழைய சுரங்கக்காரர்கள் கரியை ஆங்காங்கே தூண்களாக விட்டு, மற்றதை அள்ளிக்கொண்டு போனார்கள். பல சுரங்கங்களுக்குச் சரியான வரைபடம்கூட இல்லை. அத்தகைய நிலத்தில் பாலத்தின் கதியை முடிவு செய்வது, பைலின் முனைக்கும் பொந்துக்கும் நடுவே மிஞ்சியுள்ள பாறைக்கூரைதான்.

பைல் தன் சுமையைப் பக்கவாட்டு உராய்வாலும் அடிமுனையாலும் நிலத்துக்குள் இறக்குகிறது. முனையின் அழுத்தம் பைலின் விட்டத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம்வரை வலுவாக இருக்கும், 1.2 மீட்டர் விட்டமென்றால் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்றரை மீட்டர். பல பைல்கள் சேர்ந்து நின்றால் அது இன்னும் கீழே போகும். அந்த எல்லைக்குள் பொந்து இருந்தால் கூரை வளைந்து விரிசல் விடும். ஆகவே ‘ஆழமாகப் போட்டால் பலம்’ என்ற கணக்கு இங்கே தலைகீழாகிறது: பைல் நீள நீளக் கூரை மெலிகிறது. போதிய கூரையை விட்டு மேலேயே நிறுத்த வேண்டும். அல்லது பொந்தைத் துளைத்து அதன் தரைக்கும் கீழே ஊன்ற வேண்டும். இல்லையேல் மணலோ சிமென்ட் கலவையோ செலுத்திப் பொந்தை நிரப்ப வேண்டும்.

எடை ஏற்றிச் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். அந்தச் சோதனை பெரும்பாலும் ஒற்றைப் பைலுக்கு, சில நாள்களில் முடிவது. கரித்தூண்களோ தண்ணீரிலும் காற்றிலும் பல பத்தாண்டுகளாக உதிர்பவை. பக்கத்து ஜாரியா நிலக்கரி வயலில் நிலத்தடித் தீயால் தன்பாத்–சந்திரபுரா ரயில் பாதையையே 2017 ஜூனில் மூட நேர்ந்தது. நேற்று தாங்கிய நிலம் நாளையும் தாங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பழைய சுரங்கம் என்றாலே ஆபத்து என்பதும் சரியல்ல. இடிந்த பாறை முன்னைவிட அதிக இடம் பிடிக்கும். அது ஐந்தில் ஒரு பங்கு உப்பினால், 2 மீட்டர் உயரப் பொந்தின் சரிவு 10 மீட்டர் ஏறியதும், இடிபாடுகள் அடித்துச் செல்லப்படாதவரை, தானே அடைபட்டுவிடும். அதற்கும் மேலே தடித்த நல்ல பாறை இருந்தால் பாலம் கட்டலாம். இருக்கிறதா என்பதை ஒவ்வொரு பாலத்தூணின் அடியிலும், பைல் முனையைத் தாண்டித் துளையிட்டுத்தான் அறிய முடியும். அந்தத் துளைக்கு ஆகும் செலவைப் பார்த்துத் தயங்குகிறவர், பைலின் நீளத்தை முடிவு செய்யவே தகுதியற்றவர்.