நிகாஹ் தஃப்தரும் அரசுப் பதிவும்



திருமணத்தை உறுதியான உடன்படிக்கை என்று திருக்குர்ஆன் (4:21) குறிப்பிடுகின்றது. ஈஜாப், கபூல், சாட்சிகள் ஆகியவற்றால் நிகாஹ் நிறைவேறுகின்றது. மஹர் மனைவியின் உரிமையாகின்றது. திண்டுக்கல் பேகம்பூரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் இவற்றை ஜமாஅத் தஃப்தரில் எழுதிக் கையொப்பம் பெறுகின்றோம்.

'அது போதாதா? சார்பதிவாளர் அலுவலகம் எதற்கு?' என்று சிலர் வினவுகின்றனர். கணவர் திடீரென வஃபாத்தாகிவிட்டால், கொடுபடாத மஹர் முதலான கடன்கள் தீர்ந்தபின், அவர் சொத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று. பிள்ளைகள் இல்லையெனில் நான்கில் ஒன்று. இது மார்க்கம் விதித்த பங்கு. ஆனால் இத்தா இருக்கும் அப்பெண்ணிடம் வங்கியும் ஓய்வூதிய அலுவலகமும், 'மனைவி என்பதற்கு அரசுச் சான்று எங்கே?' என்று கேட்டால் அவள் எங்கே செல்வாள்?

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009, எம்மதத்தவரும் 90 நாட்களுக்குள் திருமணத்தைப் பதிந்திட வேண்டுமென்கின்றது. தவறினால், கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் அவகாசம் உண்டு.

அரசுப் பதிவு நிகாஹுக்கு மாற்று அன்று. அதற்கு மற்றுமொரு சாட்சி. கடனையே எழுதி வைக்கப் பணித்தது (2:282) நம் மார்க்கம். எனவே மணவீட்டாரே! வலீமாவுக்கு நாள் குறிக்கும்போதே பதிவுக்கும் நாள் குறியுங்கள்.

பெண்மக்களின் உரிமை பேணும் நற்பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.